வேம்பில் வடிந்த பாலும் நான் காணாத கனவும்

எங்கள் வீடு ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையின் ஓரத்தில் இருக்கிறது. இப்போது சாலைக்கும் எங்கள் கதவுக்கும் நடுவில் நாலடிதான். அந்தக் காலத்தில் வீட்டுக்கு முன்னால் இரண்டு ரூம் இருந்தது. அதற்கும் முன்னால் ஒரு வேப்பமரம். யார் நட்டார்கள் என்று தெரியாது. நான் கல்யாணமாகி வந்தபோதே என் இரண்டு கைக்கு அடங்காத பருமன்.

2012இல் சாலையை அகலப்படுத்த அளவெடுத்தார்கள். மரத்தைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டில் ஒரு பட்டை போட்டு, அதன்மேல் சிவப்பில் எண் எழுதினார்கள். பிறகு நூல் பிடித்து எங்கள் முன் ரூம் பக்கச்சுவரின் பின்கோடியில், உள்பக்கம் சாமி படம் மாட்டியிருந்த அதே இடத்துக்கு வெளியே, ஒரு அம்புக்குறி போட்டார்கள். அது வரைக்கும் ரோடு வரும் என்றார் அளந்தவர். தண்ணீர் கேட்டார், குடித்தார், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

சண்டை போட எங்களுக்கு வாயில்லை. பட்டா இருப்பது பின்பக்கத்துக்குத்தான். முன் ரூம் இரண்டும் புறம்போக்கில் என் மாமனார் கட்டியது. அதில் எட்டுப் பெண்பிள்ளைகள் வாடகைக்கு இருந்தார்கள். எல்லாம் தெற்கத்திப் பிள்ளைகள், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்கிறவர்கள். என் வீட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டுகிறார். வேன் அவருடையது இல்லை, அவர் டிரைவர்தான். அந்த ரூம் இரண்டும் போய்விட்டால் எங்கள் குடும்பம் ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

நான் எட்டாம் கிளாஸ் வரை படித்தவள். எனக்குத் தெரிந்த ஒரே மனு சாமியிடம் போடுகிற மனுதான். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போய் முருகனிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து மரத்தடியில் நின்று சொன்னேன். "அம்மா, நீ நின்னா நாங்களும் நிப்போம். நீ போனா எங்க வூடும் போயிடும்." மரத்திடம் அம்மா என்று பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். வேம்பு என்றால் மாரியம்மன்தான் எங்களுக்கு.

சொல்லி ஒன்பதாம் நாள், ஆடி பிறக்க இன்னும் நாலு நாள் இருந்தது, விடியக்காலை கோலம் போட வாளியோடு வந்தேன். மரத்தில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, பழைய கிளை ஒடிந்த கணுவிலிருந்து வெள்ளையாக என்னவோ இறங்கிக்கொண்டிருந்தது. நுரை. பசுவின் மடியில் கன்று முட்டிவிட்டு விலகியதும் வாயோரம் தொங்குமே, அந்த மாதிரி நுரை. பட்டையின் வெடிப்பு வழியாக வழிந்து அந்தச் சிவப்பு எண்ணின் மேலேயே இறங்கி, பாதி எண்ணை மறைத்துவிட்டது.

வாளியைக் கீழே வைத்தது எனக்கு நினைவில்லை. கிட்டே போய் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது. கொழுந்து, பூ, பட்டை, கொட்டை என்று உடம்பெல்லாம் கசப்பு உள்ள மரம் அது. பிள்ளைகளுக்குப் பூச்சிமருந்தாக நான் அரைத்துக் கொடுத்த மரம். அது இனித்தது. பதநீர் புளிக்கத் தொடங்கும்போது வருகிற வாசனையோடு, லேசான, சந்தேகமே இல்லாத இனிப்பு. எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. உள்ளே ஓடி மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து மரத்துக்குப் பூசினேன். கற்பூரம் ஏற்றினேன். அப்புறம் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கற்பூரம்தான் ஆரம்பம். ஏற்றியவள் நான்.

ஏழு மணிக்கு இருபது பேர். பத்து மணிக்கு ரோட்டில் நெரிசல். யாரோ மரத்துக்கு மஞ்சள் புடவை சுற்றினார்கள். வளையல் மாட்டினார்கள். எலுமிச்சம்பழ மாலை வந்தது. இரண்டாம் நாள் செங்கல்பட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்து, பாலைக் கையில் ஏந்திக் குடித்தார்கள். ஷிப்ட் பஸ்கள் மரத்துக்கிட்டே வந்ததும் வேகம் குறைந்தன. உள்ளே இருக்கிற பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு நாள் கொரியாக்காரர் ஒருவர் காரை நிறுத்தி இறங்கினார். போட்டோ எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. கைகளைத் தொடையோரம் வைத்து இடுப்பு வரைக்கும் குனிந்து நிமிர்ந்தார், காரில் ஏறினார். மொழி தெரியாத அந்த மனுஷருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் வார்டு மெம்பர் வந்தார். எங்கள் தெருப்பிள்ளைதான், என் வீட்டுக்காரரைவிட ஐந்தாறு வயது சின்னவர். அவர் கட்சியில் சாமி இல்லை என்பதுதான் பழைய பாடம். அவரே மாரியம்மன் கோயில் பக்கத்தில் மேடை போட்டு, கூழ் ஊத்தறதுக்குப் பதில் புஸ்தகம் வாங்கு என்று பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அவர் வந்த மறுநாள் மரத்துக்கு மேலே பெரிய பேனர் ஏறியது. 'அருள்மிகு பால்வேம்பு அம்மன்' என்று எழுதி, அம்மன் படம் ஓரத்தில் சின்னதாகவும் அவர் படம் நடுவில் பெரிதாகவும் போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் வேனைத் துடைத்துக்கொண்டே அதை அண்ணாந்து பார்த்தார்.

"இதுல யாருக்குப்பா பால் வடியுது?" என்றார்.

பக்கத்தில் நின்ற மெம்பர் சிரித்தார். கோபப்படுகிற ஆள் இல்லை அவர். அதுதான் அவருடைய பலம்.

எட்டுப் பெண்களில் ஒருத்தி தூத்துக்குடி பக்கத்துப் பொண்ணு. வேதக்காரப் பொண்ணு, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் முக்காடு போட்டுக்கொண்டு சர்ச் பூசைக்குப் போய்விடுவாள். பாட்டனி டிகிரி படித்தவள். டிகிரி படித்துவிட்டு செல்போனுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் விழுந்து கும்பிட்டபோது அவள் கும்பிடவில்லை, கேலியும் பண்ணவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். வேரடியில் குனிந்து பார்ப்பாள். ஒரு மத்தியானம் என்னிடம் வந்து நின்றாள்.

"எக்கா, ஒண்ணு கேக்கட்டா? வையக்கூடாது."

"கேளு."

"நம்ம பாத்ரூம் தண்ணி எங்க போவுது?"

எனக்குச் சுருக்கென்றது. எட்டுப் பிள்ளைகள், மூன்று ஷிப்ட். காலை நாலு மணியிலிருந்து குளியல்தான், துவையல்தான். அந்தத் தண்ணீருக்கு வழி இல்லாமல் என் வீட்டுக்காரர் ஒரு பைப் போட்டு மரத்தடிக்கு விட்டிருந்தார். மரத்துக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு என்று. அது நடந்து ஒரு வருஷம் இருக்கும்.

"பதினஞ்சு நாளுக்கு முந்தி கேபிளுக்குப் பள்ளம் தோண்டுனாவல்லா? அந்தப் பக்கத்து வேரெல்லாம் அறுத்துட்டாவ. இந்தப் பக்கத்து வேரு தண்ணிக்குள்ளயே நிக்கி. வேரு சும்மா இருக்காதுக்கா, மேல தள்ளிக்கிட்டே இருக்கும். போறதுக்கு வழியில்லாம கணுவுல வெடிச்சு வருது. வெளிய வந்ததும் கண்ணுக்குத் தெரியாத கிருமி சேந்து புளிச்சுப் பொங்குது. அதான் நுரை."

"இனிக்குதேடி."

"மரத்தோட சாப்பாடு அது. இலை வெயில்ல சமைச்சு வைக்கிற சர்க்கரை."

"கசக்கிற இலையா சர்க்கரை சமைக்குது?"

"ஆமா. எல்லா இலையும்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. செங்கல்பட்டிலிருந்து வந்து கைநீட்டி வாங்கிக் குடிக்கிறார்களே, அது என் வீட்டுப் பெண்கள் குளித்த தண்ணீர். சோப்பும் ஷாம்புவும் பவுடரும் கரைந்த தண்ணீர். எனக்கு அருவருப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுக்குத் தண்ணீர் மண்ணுக்குள் போய், வேருக்குள் நுழைந்து, கசப்பு மரத்துக்குள்ளே ஏறி, பாலாக, இனிப்பாக வருகிறது. இதை அந்தப் பொண்ணு 'அவ்வளவுதான்' என்கிற மாதிரி சொல்கிறாள். எனக்கு அது அவ்வளவுதானாகத் தெரியவில்லை. முதல் நாள் சிலிர்த்ததைவிட அதிகமாகச் சிலிர்த்தது.

"நெசமா நீ சொல்றது?"

"சோதிச்சுப் பாக்கலாம்க்கா. பைப்ப ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் திருப்பி விடுவோம். பால் குறைஞ்சா நெசம்."

சாமியைச் சோதிப்பதா? எனக்குப் பயம் வந்துவிட்டது. பூக்கட்டிக் கேட்காமல் நான் எதுவும் செய்கிறவள் இல்லை. வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்புப் பூ ஒரு இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, எதில் எந்தப் பூ என்று தெரியாத ஒருவரை ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு. வீட்டில் என் பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணமாகிப் போய்விட்டது. எடுக்க ஆள் இல்லை. கடைசியில் அவளையே எடுக்கச் சொன்னேன். கழுத்தில் சிலுவை தொங்க, குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். பிரித்தேன். நந்தியாவட்டை, வெள்ளை.

"என்னக்கா சொல்லுது?"

"பைப்பைத் திருப்புன்னு சொல்லுது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

திருப்பினோம். அந்த வாரம் மழையும் இல்லை. மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மறுநாள் சாயங்காலம் நுரை மெலிந்தது. மூன்றாம் நாள் காலையில் கணுவோரம் ஈரம் மட்டும்தான் இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. அவள் சொன்னது உண்மை என்பதற்காக இல்லை. நான் ஒரு பைப்பைத் திருப்பினால் அம்மன் பால் நிற்கிறதே, அதற்காக.

கூட்டத்தில் முணுமுணுப்பு தொடங்கியது. தீட்டு என்றார்கள். யாரோ தீட்டோடு வந்துவிட்டார்கள் என்றார்கள். பிறகு பேச்சு எங்கள் ரூம் பெண்கள் பக்கம் திரும்பியது.

"கம்பெனிப் பொண்ணுங்க போவுதுங்க வருதுங்க. அதுங்களுக்கு இன்னா தெரியும் சுத்தம்? எந்த ஊரோ, எந்த ஜாதியோ" என்றாள் ஒரு அம்மா, என் காதுபடவே.

மெம்பரின் ஆள் ஒருவர் வந்து, "அந்தப் பொண்ணுங்களைப் பின்பக்கமா போவச் சொல்லுங்க அண்ணி, ஆத்தா கோவமா கீறா" என்றார்.

எனக்குச் சுட்டது. தப்பு செய்தவள் நான், ஏச்சு வாங்குவது அவர்கள். உடனே போய்ப் பைப்பை மறுபடி மரத்தடிக்கே திருப்பினேன். இரண்டு நாளில் பால் வந்தது, முன்னைவிட அதிகமாகவே. அதற்கு நடுவில் மெம்பர் பெரிய அண்டாவில் கூழ் ஊற்றியிருந்தார். கூழுக்கு அம்மன் மனம் இரங்கிவிட்டாள் என்று மைக்கில் சொன்னார்கள். பாட்டனிப் பொண்ணு ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் இந்தப் பைப் விஷயத்தை நான் வெளியில் சொல்வது இதுதான் முதல் தடவை. அன்று குடித்தவர்கள் இதைப் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும். நானும்தான் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வருவதாக முடிவானது. தாசில்தார் அம்மாவும் நெடுஞ்சாலை இன்ஜினியரும். மெம்பர் புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யக்கா, நல்ல சேதி. எதிர்ல காலி மனை கீதுல்ல? ரோட்டை ரெண்டு மீட்டர் அந்தப் பக்கம் தள்ள முடியும்னு இன்ஜினியரே சொல்லிட்டாரு. மனைக்காரரும் சரின்னுட்டாரு. யாருக்கும் நஷ்டம் இல்ல. மரம் நிக்கும், உன் ரூமு ரெண்டும் நிக்கும். ஆனா மேல எழுதறதுக்கு அவங்களுக்கு ஒரு காரணம் ஓணும். சும்மா மரம்னா மேல ஒத்துக்க மாட்டாங்க. மக்கள் நம்பிக்கைன்னு யாராச்சும் வாக்குமூலம் குடுக்கணும்."

"நான் குடுக்கறேன். எங்க நம்பிக்கைதானே."

"நம்பிக்கைன்னா மட்டும் பத்தாது. நீதான் பாலை மொதல்ல பார்த்தவ. உன் கனவுல ஆத்தா வந்தா. மஞ்சப் புடவை கட்டிகினு வந்தா. என்மேல கோடாலி வைக்காதேன்னா. இவ்ளோதான் யக்கா. மூணு வரி."

"கனவு வரலையேப்பா."

"வந்தா சொல்லுவியா மாட்டியா?"

"வந்தா சொல்லுவேன்."

"அப்போ வந்துச்சுன்னு வெச்சுக்கோ."

என் வீட்டுக்காரர் சோற்றிலிருந்து தலை நிமிர்ந்தார். "ஏம்பா, உனக்குத்தான் சாமியே கிடையாதே. உங்க தலைவர் கனவுல வந்தாருன்னு நீயே எழுதிக் குடேன்."

"எனக்கு சாமி கிடையாதுண்ணே. ஜனங்களுக்குக் கீதுல்ல? ஜனங்களுக்கு இன்னா கீதோ, அதுக்குத்தான் நான் மெம்பர்." எழுந்துகொண்டே என் பக்கம் திரும்பினார். "உன் வூட்டுக்காகத்தான் யக்கா சொல்றேன். எனக்கு இதுல இன்னா கீது, ஒரு பேனர்தானே?"

அவர் சொன்னது பொய் இல்லை. எங்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்றும் அவருக்கு இருந்தது. அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து சுவரிலிருந்த அம்புக்குறியைப் பார்த்தபடி நின்றார்.

"சொல்லிடு" என்றார்.

"இன்னாங்க நீங்களும்."

"யாருக்கு நஷ்டம்? சொல்லு. ஒருத்தன் வூடு போவுதா, ஒருத்தன் நெலம் போவுதா? உன் சாமி மரத்தைத்தான் காப்பாத்தச் சொல்றாங்க. மூணு வரி. நான் ஸ்டியரிங் புடிச்சு எத்தனை வருஷம் ஓட்டறது? கண்ணு வேற மங்கிகினு வருது."

அவர் கண் விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. லைசென்ஸ் போய்விடுமோ என்று மறைத்து வைத்திருந்தார்.

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பகலில் தூங்கிப் பார்த்தேன், உண்மையாகவே கனவு வந்துவிட்டால் தேவலையே என்று. தலைமாட்டில் வேப்பிலை வைத்துக்கூடப் படுத்தேன். கனவில் என் தங்கச்சி வந்து இட்லிக் குண்டான் கேட்டாள். பூக்கட்டிக் கேட்கலாமா என்று பார்த்தேன். இலையைக் கையில் எடுத்த பிறகு வைத்துவிட்டேன். பொய் சொல்ல அம்மனிடமே உத்தரவு கேட்பதா?

பாட்டனிப் பொண்ணிடம் சொன்னேன். அவளுக்கும்தான் அந்த ரூம் வேண்டும்.

"எனக்குத் தெரியலக்கா. எங்க வேதத்துல சாமி பேரை வீணா எடுக்கக்கூடாதும்பாவ. ஆனா இது ஒங்க வீடு, ஒங்க வீட்டுக்காரரோட கண்ணு. நான் என்ன சொல்ல?" பிறகு, "நான் ஒங்களுக்கு அந்தத் தண்ணி விஷயம் சொல்லாமலே இருந்திருக்கணும்" என்றாள்.

"நீ சொன்னதால இல்லடி" என்றேன். உண்மையும் அதுதான். அந்த மரத்தில் நடப்பது சின்ன விஷயமாக இருந்திருந்தால் அதன் பேரில் ஒரு சின்னப் பொய் சொல்லியிருப்பேன். அவள் சொன்ன பிறகு அது எனக்கு இன்னும் பெரிதாகிவிட்டது. அவ்வளவு பெரியதன் வாயில் என் வீட்டுக்காக நான் மூன்று வரி வைப்பது எப்படி?

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். தாசில்தார் அம்மா இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிழலுக்குள் வந்தார். இன்ஜினியர் ஷூ போட்டிருந்தார், நிழலுக்கு வெளியே ஓரமாக நின்றுகொண்டார். மெம்பர் இருநூறு பேரைக் கூட்டி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் டூட்டிக்குப் போகாமல் கூட்டத்தில் பின்னால் நின்றார். ஒரு கிளார்க் அட்டையில் தாள் வைத்து எழுதத் தயாராக இருந்தார்.

"நீங்கதான் முதல்ல பார்த்தீங்களாம்மா?" என்றார் தாசில்தார்.

"ஆமாங்க."

"கனவு வந்ததா சொன்னாங்க. என்ன கனவு?"

மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். பால் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு எறும்பு வரிசை அதன் ஓரமாக மேலே போய்க்கொண்டிருந்தது.

"கனவு வரலைங்க."

பின்னாலிருந்து யாரோ ஐயோ என்றார்கள்.

மெம்பர் முன்னால் வந்தார். "யக்கா பயத்துல சொல்லுது மேடம். ஆபீசருங்கள பார்த்ததும்..."

"பயம்தான்" என்றேன். "உங்ககிட்ட இல்லைங்க. இவகிட்ட." மரத்தைக் காட்டினேன்.

தாசில்தார் என்னையே பார்த்தார். "அப்போ இது அம்மன்னு நம்பறீங்களா?"

"நம்பறேங்க. அதனாலதான் சொல்ல முடியல."

கிளார்க் பேனாவை வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இதை எழுத அவர் தாளில் இடம் இல்லை. இன்ஜினியர் மெதுவாகக் கேட்டார், "இது ஒரு வகை வடிசல்தான் மேடம், தண்ணி தேங்கற இடத்துல வேம்புல வரும். பக்கத்துல எங்கயாவது தண்ணி நிக்குதா?" கேட்டது தாசில்தாரைத்தான், என்னை இல்லை. அதனால் நான் பேசவில்லை. பேசியிருந்தால் அந்தக் கூட்டம் எங்கள் பெண்களை என்ன செய்திருக்குமோ. அன்று நான் சொன்னது பாதி உண்மை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

தாசில்தார் பைலை மூடினார். எழுந்து மரத்தின் கிட்டே போனார். இருநூறு பேர் பார்க்க, நுரையில் ஒரு விரல் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "வெட்டறதுக்கு முன்னாடி என்ன செய்யணுமோ அதைக் குறைவில்லாம செஞ்சுடுங்கம்மா. நான் டைம் வாங்கித் தரேன்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அந்த அம்மாவைப் பிறகு நான் பார்க்கவில்லை.

கூட்டத்தில் என்னைத் திட்டினவர்கள் நிறைய. பாவி, தரித்திரம், சொந்த வூட்டுக்கே கொள்ளி வெச்சவ. மெம்பர் திட்டவில்லை. கால் மணி நேரத்தில் டீக்கடை மைக்கைப் பிடித்து, நமது கோரிக்கையை ஏற்றுப் பூஜைக்கு அவகாசம் கொடுத்த அரசுக்கு நன்றி என்று பேசினார். மறுநாள் பேனர் மாறியது. அவர் படம் அதே அளவுதான்.

என் வீட்டுக்காரர் என்னோடு பேச்சை நிறுத்தினார். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். துணி எடுத்து வைத்தால் போட்டுக்கொள்வார். வார்த்தை இல்லை. எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து அதுவரை அவர் ஒரு நாளைக்கு மேல் பேசாமல் இருந்ததில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக வேறு ரூம் பார்த்துக்கொண்டு போனார்கள். பாட்டனிப் பொண்ணு சுங்குவார்சத்திரத்தில் இடம் பிடித்தாள். ஆவணியில் முன் ரூம் இரண்டையும் இடித்தார்கள். நான் பின்பக்கம் போய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். புடைத்த அரிசியையே திரும்பத் திரும்பப் புடைத்தேன்.

மரத்துக்குக் கடைசியாக ஆள் வந்தார்கள். வந்தவாசிப் பக்கத்து ஆட்கள், மெஷின் ரம்பம் வைத்திருந்தார்கள். மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "நீங்க ஒரு வார்த்தை கேட்டுக் குடுத்தாதான்மா நாங்க கை வெப்போம்" என்றார். பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, மன்னிப்புக் கேட்டு, புடவையை அவிழ்த்தோம். கிளைகளை முதலில் இறக்கினார்கள். பிறகு அடிமரம். அது சாய்ந்தபோது என் கால் வழியாகத் தரை அதிர்ந்தது நெஞ்சு வரைக்கும் வந்தது. முட்டி உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் மிஞ்சியது. அதை மறுநாள் ஜேசிபி வந்து பிடுங்கும் என்றார்கள்.

பாட்டனிப் பொண்ணுக்கு அன்று வார லீவு, வந்திருந்தாள். சாயங்காலம் ஆட்கள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் மரத்தூளுக்கு நடுவில் நின்றோம். வெட்டின பரப்பு வெள்ளையாக, வட்டம் வட்டமாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்த வட்டங்களில் ஈரம் பூத்தது. முத்து முத்தாக. முத்துகள் ஒன்று சேர்ந்தன. விளிம்பு வரைக்கும் வந்து வழிய ஆரம்பித்தது. பைப்பு போய், குளிக்கும் பிள்ளைகள் போய் எத்தனையோ நாள் ஆகிவிட்டது. மேலே ஒரு இலை இல்லை, ஒரு கிளை இல்லை.

"இது எப்படிடி? மேலதான் ஒண்ணுமே இல்லையே."

"வேரு தள்ளுதுக்கா. மண்ணுல மிச்சமிருக்குற ஈரத்தை. மேல மரம் இல்லன்னு அதுக்குத் தெரியாது." சொல்லிவிட்டு அவளும் குனிந்து பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியிருந்தது. "இவ்வளவு வரும்னு நான் படிக்கல" என்றாள்.

பின்னால் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் இறங்கி, எங்களைப் பார்க்காத மாதிரி வீட்டுக்குள் போகப் பார்த்தார். அடிக்கட்டையைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. கண் மங்கலில் கிட்டே வந்து, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். வழிகிற தண்ணீரைப் பார்த்தார். உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். விரல் இடுக்கில் வழிந்தது. கையை எடுக்கவில்லை. ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நாலு கம்பெனி பஸ் போயிருக்கும். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மே இது?" என்றார்.

நாற்பத்தோரு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. அந்தப் பொண்ணு சொல்லியிருப்பாள், ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

"தெரியலைங்க" என்று சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.